வைகாசி 21

வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டு நாள்தான் கண் விழிப்பார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. இதில் வைகாசி 21 நெருங்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும். அந்த நாளை விட்டால் ஆனியில் வாஸ்து கிடையாது. ஆடியில் நாள் இருந்தாலும் எங்கள் பக்கம் யாரும் கடக்கால் பறிக்கமாட்டார்கள். ஆவணி வரைக்கும் இரண்டரை மாதம் சும்மா நிற்க வேண்டும். பைனான்ஸில் பணம் வாங்கித் தோட்டம் கிரயம் செய்தவருக்கு அந்த இரண்டரை மாதம் ஒவ்வொரு நாளும் வட்டியாகத்தான் விடியும். கையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஜே.சி.பி.யைக் காட்டுக்குள் இறக்குவது பெரும்பாலும் இந்த நாளில்தான்.

1988-இல் டிப்ளமோ சிவில் முடித்துத் திருப்பூர் வந்தேன். ஒரு மேஸ்திரியிடம் சைட் பார்க்கச் சேர்ந்து, பிறகு தனியாகப் பிரிந்து, பனியன் கம்பெனி, நிட்டிங் ஷெட், காம்பாக்டிங், சாயப்பட்டறை என்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். பிளான் போடுவதோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கான கோப்பையும் நானே தயார் செய்து கொடுப்பேன். நிறுவுவதற்கான இசைவாணை, அதன் பிறகு இயக்குவதற்கான இசைவாணை. இரண்டுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் 'கன்சென்ட்' என்ற ஒரே சொல்தான்.

2014 வைகாசி 21-இல் நான் உடன் நின்று செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். பன்னிரண்டு நிட்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் ஓட்டிக்கொண்டிருந்தவர். யாரையும் ஏமாற்றாத மனிதர். கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கொடுப்பவர். அவருடைய அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் திருப்பூருக்கே உரியது.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டும் வரை திறக்கக் கூடாது என்றது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அன்று என் கையில் மூன்று சைட் இருந்தன. ஒன்றில் கூரைக்கு ட்ரஸ் ஏற்றி முடித்திருந்தோம், ஷீட் போடவில்லை. மறுநாள் காலை கொத்தனார்கள் வந்து, வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் மதியம் வரைக்கும் மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வேண்டிய காலம் வந்தது. அண்ணன் அதில் அடிபட்டவர். ஒரு லாட்டில் நிறம் மாறி வந்தது. ஒரு லாட் பத்து நாள் தாமதமாக வந்து ஆர்டரே ரத்தானது. "எனக்குன்னு சொந்தமா ஒரு பட்டறை வேணுமுங்க. தண்ணியச் சுத்தம் பண்றதும் நம்ம காம்பவுண்டுக்குள்ளயே. எவங்கிட்டயும் போயி நிக்கக் கூடாது" என்றார். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு மேட்டாங்காடு வாங்கியிருந்தார். விண்ணப்பம் வாரியத்தில் கொடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அப்போது எல்லாம் காகிதக் கோப்பு. "சும்மா நெலத்தை மட்டும் மட்டம் பண்ணிப் போட்டுக்கலாமுங்க இன்ஜினியர். கட்டடம் எதுவும் கட்டலியே. புல்லு வழிக்கறதுக்குக்கூடவா கன்சென்ட்டு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்து நூறு பேராவது கேட்டிருப்பார்கள். 1974-ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. 1988-இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது, தொழிலை நிறுவுவதற்கு மட்டுமல்ல, நிறுவுவதற்காக எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் முன்னதாகவே இசைவு வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான் பெட்டியோடு திருப்பூரில் பஸ் இறங்கிய அதே வருடம். நான் அதை வாசித்ததோ பத்து வருடம் கழித்து, ஒரு வக்கீலின் மேஜையில். நடுவில் நான் கட்டிய ஷெட்டுகளில் எத்தனை, இசைவு வரும் முன்னே எழுந்து நின்றவை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணனிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. அதே 25-ஆவது பிரிவில், விண்ணப்பம் கொடுத்து நாலு மாதத்துக்குள் வாரியம் ஏற்கவோ மறுக்கவோ இல்லையென்றால் இசைவு கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் டீக்கடை வரைக்கும் தெரிந்த சட்டம் இது. ஆனால் அந்த நாலு மாதம், எல்லா விவரமும் முழுமையாக உள்ள விண்ணப்பத்துக்குத்தான் ஓடும். ஒரு வரைபடம் குறைகிறது, நிலத்தடி நீர் அறிக்கை இல்லை என்று ஒரு கடிதம் வந்துவிட்டால் அந்தக் கணக்கு எடுபடாது. நாலு மாதக் கணக்கை நம்பிக் கான்கிரீட் போட்டவர்கள், அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் கம்பி கட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் சிமென்ட் கெட்டுவிடும், ஆள் போய்விடும், ஊர் சிரிக்கும்.

வைகாசி 21 அன்று காலை பூஜை முடிந்தது. ஏழரை மணிக்கு ஜே.சி.பி. உள்ளே போயிற்று.

நிலத்தின் புல வரைபடத்தை நான் முன்னமே பார்த்திருந்தேன். வடகிழக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு கோடு, ஓடை என்று குறித்து. இடத்தில் போய்ப் பார்த்தால் இரண்டடி ஆழத்தில் வேலிக்காத்தான் மண்டிய ஒரு பள்ளம். பத்து வருடமாகத் தண்ணீரே வந்ததில்லை என்று விற்றவர் சொன்னார், அண்ணன் நம்பினார். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. 2011 நவம்பரில் ஊருக்குள்ளே ஜம்மனை ஓடையில் ஒரே இரவில் வந்த வெள்ளம் கரையோர வீடுகளை இழுத்துக்கொண்டு போய் உயிர்களைக் குடித்ததை நேரில் பார்த்தவன் நான். காய்ந்த ஓடை தன் வழியை மறப்பதில்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தும், மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளத்துக்குள் டிப்பர் டிப்பராகக் கிராவல் கொட்டியபோது பக்கத்தில் நின்று லெவல் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்குப் பக்கம் நாலடி உயர்ந்தது. மட்டமான நிலம் பார்க்க அழகாக இருக்கும். அண்ணன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் எடம் எடமாட்ட இருக்குது" என்றார்.

இடத்தில் எந்த வேலையும் தொடங்கவில்லை என்று விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில் இருந்தது என் கையெழுத்துதான். கொடுத்த தேதியில் அது உண்மை. உடன் வைத்த போட்டோக்களை ஓடை தெரியாத பக்கமாக நின்று எடுத்தவனும் நானே.

ஆவணியில் தூண்கள் எழும்பிவிட்டன. ஷெட் பதினெட்டாயிரம் சதுர அடி. வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில். ஆனால் நிலத்தின் இயல்பான சரிவு தெற்கே. சாயத் தண்ணீர் தானாக ஓடி வந்து சேர வேண்டிய சுத்திகரிப்புத் தொட்டி தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஷெட் அந்தத் தாழ்ந்த பக்கத்தை, இப்போது மண் போட்டு உயர்த்திய பக்கத்தை, முழுதாகப் பிடித்துக்கொண்டது. சுத்திகரிப்புக்கு மிஞ்சியது மேட்டில் இருபது சென்ட். அதற்குள் சமன் தொட்டி, உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., எவாப்பரேட்டர், பாய்லர், கசடு வைக்கக் கூரை போட்ட இடம் எல்லாம் அடங்க வேண்டும். தாளில் நான் அடக்கிக் காட்டினேன். எவாப்பரேட்டருக்கு ஆள் ஏறி இறங்க இடமே விடாமல் அடக்கினேன்.

ஒரு பட்டறைக்கு இந்தத் தொட்டிகளும் எந்திரங்களும் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மூலம் உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை போடுவார்கள். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. அது துணியில் தங்காது. போட்ட உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வாரியத்தின் அளவு. 80 கிராம் என்பது 80,000 மில்லிகிராம். சலவைத் தண்ணீர் கலந்து எவ்வளவு நீர்த்தாலும் அந்த இடைவெளி எளிதில் மூடாது.

தொண்ணூறுகளில் ஊர் முழுக்கப் பட்டறைகள் முளைத்தபோது இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. முதலில் பட்டறைகள் வந்தன. வழக்குகள் வந்த பிறகு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆண்டிபாளையம், வீரபாண்டி, காசிபாளையம், மண்ணரை என்று நொய்யலை ஒட்டி ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். இரண்டு இடத்தில் தொட்டி வேலை எனக்கும் கிடைத்தது. சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். தெளிந்த தண்ணீர் வெளியே போனதைப் பார்த்து நாங்கள் எல்லாம் சந்தோஷப்பட்டோம். நிறம்தான் போயிருந்தது. உப்பு அப்படியே இருந்தது; சுண்ணாம்பும் சல்பேட்டும் சேர்ந்ததில் இன்னும் கொஞ்சம் கூடவும் செய்தது. 'இந்த உப்பு எங்கே போகும்?' என்ற ஒரு கேள்வியை முதல் கல் வைக்கும் முன் கேட்டிருந்தால் அந்தத் தொட்டிகளை வேறு மாதிரி கட்டியிருப்போம், அல்லது அத்தனை பட்டறைகளைக் கட்டாமலே இருந்திருப்போம். கேட்பதற்குள் கோடிக்கணக்கான ரூபாய் மண்ணுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு கேள்வி கேட்டவர்கள் ஊரின் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

உப்பு எங்கே போயிற்று என்பது எனக்கு என் தாய்மாமன் வீட்டில் தெரிந்தது. சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவருக்கு ஆறு ஏக்கர் தோட்டம். 1992-இல் அணை திறந்தபோது ஊரே கும்மியடித்துக் கொண்டாடியது. பாசனத்துக்குக் கட்டிய அணை சில வருடங்களில் சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற குட்டையாகிவிட்டது. தேக்கினால் சுற்றியிருக்கிற கிணறுகள் கெட்டன. திறந்துவிட்டால் கீழே இருக்கிற கிணறுகள் கெட்டன. மாமன் கிணற்றில் தண்ணீர் எப்போதும் போல் நிறைந்துதான் இருந்தது. மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மஞ்சள் போய், நெல் போய், கடைசியில் தென்னை குரும்பையாகவே உதிர்த்தது. ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது மாமன் சொம்பில் மோந்து கொடுத்து, "குடிச்சுப் பாரு மாப்ள. உங்கூருத் தண்ணிதான்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாய்க்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த வாரம் நான் ஒரு பட்டறைக்கு ரூஃப் கான்கிரீட் போட்டிருந்தேன்.

மாமன் மாதிரி விவசாயிகள்தான் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பர் 22-இல் உயர் நீதிமன்றம், வெளியேற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்து, 2007 ஜூலை 31-க்குள் வெளியேற்றத்தை அறவே நிறுத்தச் சொன்னது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6-இல் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு. மூன்று மாதம் மட்டும் அவகாசம். அதுவும் கடந்துதான் 2011 ஜனவரி வந்தது. பிற்பாடு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து நிலையங்களை மாற்றிக் கட்ட வைத்தது. இன்று திருப்பூர்ப் பட்டறைகள் தண்ணீரைத் திரும்ப எடுத்து, உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஊர் கற்றுக்கொண்டது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மாமன் தோட்டத்தில் அவர் இருந்தவரை மஞ்சள் திரும்ப வரவில்லை.

இத்தனையும் தெரிந்த நான்தான் 2014-இல் அந்த ஓடைக்குள் கிராவல் கொட்டியபோது நின்றேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை. விடிகாலை அண்ணன் போன் செய்தார். போய்ப் பார்த்தால் எங்கள் இடத்தில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. வடக்கே அடுத்த தோட்டத்தில், வயதான ஆத்தா ஒருவர் தனியாகப் பார்க்கிற இரண்டு ஏக்கரில், சோளம் முட்டளவு தண்ணீரில் நின்றது. ஓடை வந்த வழியே வந்து, எங்கள் நாலடி மேட்டில் முட்டி, திரும்பி அவர் காட்டுக்குள் படுத்துக்கொண்டது. ஆத்தா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, எங்க மாமனாரு காலத்துல இருந்து அதுல தண்ணி போகுது. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கேட்பதற்கென்றே ஒரு முறை இருந்தது. இடத்தைப் பார்வையிட அதிகாரி வருவார், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விசாரிப்பார், ஓடை எங்கே கிணறு எங்கே என்று குறிப்பார். அது நடப்பதற்குள் நாங்கள் மட்டம் பண்ணிவிட்டோம்.

பத்து நாளில் வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். இளம் பொறியாளர், பெண். குடை பிடித்துக்கொண்டு தூணுக்குத் தூண் நடந்தார். கையில் புல வரைபடம். "ஓடை எங்கேங்க சார்?" என்று என்னைக் கேட்டார். நான் ஷெட்டின் நடுத் தரையைக் காட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நீங்க ஆரம்பிக்காம இருந்திருந்தா எங்க போடலாம், என்ன போடலாம்னு நெலத்தைப் பாத்துப் பேசியிருக்கலாம். இப்ப எனக்குக் கட்டடம்தான் தெரியுது. நெலம் தெரியலை" என்றார்.

அபராதம், நோட்டீஸ், மின்சாரத் துண்டிப்பு ஆகியவற்றைத்தான் இதன் ஆபத்துகளாக எல்லோரும் சொல்வார்கள். 1988 திருத்தத்தில் வந்த 33-ஏ பிரிவின்படி வாரியம் ஒரு கடிதத்தில் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம் என்பதும் உண்மைதான். எனக்கு அந்தப் பெண் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. ஆய்வு என்பது நிலம் சாட்சி சொல்கிற இடம். சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே தேங்கும், யார் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை நிலம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் அதன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோம். அண்ணன் வாயிலும்தான்.

கோப்பு அடுத்து தூரக் கணக்குக்குப் போயிற்று. காவிரியும் அதன் துணையாறுகளும் உள்ளிட்ட ஆறுகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் தொழிற்சாலைகள் புதிதாக வரக் கூடாது என்பது 1998 மே 8 தேதியிட்ட அரசாணை. அதற்கும் முன்னால் 1989-இல் ஒரு கிலோமீட்டர் என்றிருந்தது. அண்ணன் பைக்கில் நொய்யல் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்து ஆறு கிலோமீட்டர் என்று வைத்திருந்தார். நேர்கோட்டில் அளந்தால் ஐந்துக்குள்தான் வந்தது. சாலை வளையும், ஆற்றின் தூரம் வளையாது. மே மாதமே கேட்டிருந்தால் மே மாதமே தெரிந்திருக்கும். அப்போது அவர் கையில் நிலம் இருந்திருக்கும், பணம் இருந்திருக்கும், வேறு யோசனைக்கு இடம் இருந்திருக்கும்.

இசைவு மறுக்கப்பட்டது. சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸில் பாதி திரும்ப வந்தது. வங்கி, கன்சென்ட் இல்லாமல் கடன் கொடுக்காது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் கட்டடச் செலவு முழுவதும் பைனான்ஸ் பணம். பன்னிரண்டு நிட்டிங் மெஷினில் ஐந்தை விற்று அண்ணன் வட்டியை நிறுத்தினார். ஷெட் இப்போது துணிக் குடோனாக வாடகைக்குப் போகிறது. மேடாக்கிய இடத்தில் ஒரு கரையை வெட்டி ஓடைக்கு வழி விட்டோம். ஜே.சி.பி. இரண்டு நாள் ஓடியது. அந்த வாடகையை நான் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். ஆத்தாவின் சோளத்துக்கும் ஏதாவது கொடுக்கலாம் என்று போனேன். வாங்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு இசைவு வரும் முன் மண்ணைத் தொடுகிற வேலையை நான் எடுப்பதில்லை. வேலி போடலாம், சர்வே செய்யலாம், மண் பரிசோதனைக்குக் குழி எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். வேறு ஆள் கிடைக்கத்தான் செய்கிறார்கள். நாலைந்து வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

2025 வைகாசி 21-க்கு ஒரு தம்பி வந்தார். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. மூன்று மாடித் தையல் யூனிட், குடோன், வெளி மாநிலப் பெண்கள் தங்க விடுதி, எல்லாம் சேர்ந்து இருபத்தாறாயிரம் சதுர மீட்டர். சாயம் இல்லை, சலவை இல்லை. "இதுக்கென்னங்கண்ணா பொல்யூஷன்?" என்றார். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே கட்டடத்துக்கு முன் அனுமதி வேண்டும். கட்டட வேலைக்கு மட்டுமல்ல, நிலத்தைத் தயார் செய்யும் வேலைக்கும் முன்னால் வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நிலத்தைக் காபந்து செய்கிற வேலிக்கு மட்டும்தான் விலக்கு. ஆயிரம் பேர் குளித்துத் துவைக்கிற தண்ணீர் எங்கே போகும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விகள் சாயம் இல்லாவிட்டாலும் உண்டு.

அவரிடமும் ஒரு யோசனை இருந்தது. பிளானை இரண்டாக்கி, விடுதியை மனைவி பெயரில் காட்டுவது. "மொதல்ல எறங்கீறலாம். பின்னாடி அபராதம் கட்டி வாங்கிக்கலாமுங்கண்ணா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். எல்லோரும் இல்லை என்றாலும் பலர் அப்படிச் செய்தது உண்மை. மத்திய அரசே 2017-இல் ஒரு அறிவிக்கையிலும் 2021-இல் ஒரு குறிப்பாணையிலும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் அவர் வந்து பேசியதற்குச் சில நாள் முன்புதான், 2025 மே 16 அன்று, வனசக்தி அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டையும் ரத்து செய்திருந்தது. செய்த பிறகு அனுமதி என்ற பேச்சே இனி இல்லை என்றது. தீர்ப்பின் செய்தியை எடுத்துக் காட்டினேன். தம்பி மௌனமாகிவிட்டார். வைகாசி 21 கடந்தது. விண்ணப்பத்தை முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒன்றாகவே போட்டோம்.

நவம்பர் 18 அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவர் போன். "அண்ணா, தீர்ப்பே மாறிடுச்சாமா?" மாறியிருந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மே மாதத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். கட்டி முடித்தவற்றை இடித்தால் பொதுப் பணம் வீணாகுமே என்பது பெரும்பான்மையின் கவலை. ஒரு நீதிபதி கடுமையாக மாறுபட்டு எழுதியிருந்தார். என் மனசு அவர் பக்கம்தான். பணத்தை முதலில் மண்ணில் கொட்டிவிட்டால், பிறகு அந்தப் பணமே வாதாட வந்து நிற்கும். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் வாதாடியது அதுதான்.

"அப்ப வர்ற கார்த்திகை 8-க்கு எறங்கீறலாமுங்களா? ஆறு நாள்தான் இருக்குது" என்றார் தம்பி. பூஜை போடலாம், ஒரு செங்கல் வைக்கலாம், ஜே.சி.பி. வரக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "சரிங்கண்ணா, நீங்க வாங்க" என்றார்.

கார்த்திகை 8 அன்று தூறல். முந்தின ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. ஐயர் குடைக்குள் கற்பூரம் ஏற்றினார். செங்கல் வைத்து முடிந்ததும், வீட்டார் எல்லாம் காருக்குப் போன பிறகு, தம்பியை மட்டும் நிறுத்திக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். மேட்டிலிருந்து தண்ணீர் சின்னச் சின்ன வாய்க்காலாகக் கீறிக்கொண்டு வந்தது. எதுவும் பேசாமல் அது போகிற வழியே போனோம். வேப்ப மரத்தைச் சுற்றி, பழைய கிணற்று மேட்டை ஒதுக்கி, தென்மேற்கு மூலையில் போய் நின்றது. அங்கே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தது. உள்ளே தவளைச் சத்தம்.

தம்பி கார் வரைக்கும் போய் வரைபடத்தை எடுத்து வந்தார். நான் குடை பிடித்தேன். பிரித்துத் திசை பார்த்துத் திருப்பி, விரலை வைத்துத் தேடினார். தென்மேற்கு மூலையில் நான்கு மாடி விடுதி இருந்தது. தரைத்தளத்தில் இருபத்திரண்டு அறைகள்.

நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தார். திரும்ப வரைபடத்தைப் பார்த்தார்.

"பென்சில் இருக்குங்களாண்ணா?" என்றார்.